வேரின் உரிமை வேலையாளுக்கு எதற்கு?

(இணையத் தொலைபேசி இணைப்பகத்தைத் தனிப்பயனர் கணக்கில் இயக்குதல் குறித்துக் கணிப்பொறித் தொழில் புரியும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பெற்ற தலைப்பு மேடைக்குப் பழகிய தலைப்பன்று. தொலைபேசி இணைப்பகமாகப் பணிபுரியும் ஒரு மென்பொருளை எவர் பெயரால் இயக்குவது என்பதே இன்றைய பேச்சு. கேட்பதற்குச் சிறிய செய்தி. ஆனால், இச்சிறிய செய்தியில் நான் செய்த ஒரு பிழையால், என்னை நம்பியிருந்த மக்கள் பலர் இழப்பெய்தினர். ஆகலின் பிறர் பிழையைச் சுட்டுமுன் என் பிழையை முதற்கண் இவ்வவை முன் வைத்துவிடுகின்றேன்.

என் பிழை

சில ஆண்டுகட்கு முன், இளைஞர் சிலர் ஒன்றுகூடி, மருத்துவமனைகளிற் கிடக்கும் நோயர்க்குக் குருதி தேடித் தரும் பணியைச் செய்து வந்தனர். அவர்கட்கு ஒரே ஒரு தொலைபேசி எண். எவர் அழைத்தாலும், அன்று முறைவைத்துப் பணியிலிருப்பவர்க்கு அழைப்புச் செல்லவேண்டும். அவர் எடுக்கவில்லையெனின் அடுத்தவர்க்குச் செல்லவேண்டும். எவருமே எடுக்கவில்லையெனின் அழைத்தவரின் குரல் பதிவாகவேண்டும். இவ்வேந்தினைப் பழைய கணிப்பொறி ஒன்றில் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். ஓர் இரவு முழுதும் கண்விழித்து நிறுவினேன். காலையில் முதல் மணி ஒலித்தபோது அவர்களும் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன்.

ஆனால், அம்மென்பொருளை நான் இயக்கியது வேர்க் கணக்கில். கணிப்பொறி முழுவதற்கும் ஆட்சியுரிமை பெற்ற முதன்மைக் கணக்கினை ஆங்கிலத்தில் வேர் எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர்; நாமும் வேர் என்றே சொல்வோம். தனிக்கணக்கு ஒன்றில் இயக்கவேண்டும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். இயக்கியும் பார்த்தேன். ‘இசைவு மறுக்கப்பட்டது’ என்னும் செய்தி இருமுறை வந்தது. இரவு மணி இரண்டு. வேராக மாறி இயக்கினேன்; ஓடியது. உறங்கப் போய்விட்டேன். நாளை திருத்திக் கொள்ளலாம் என்று எண்ணினேன். அந்த நாளை வரவேயில்லை.

அதே கணிப்பொறியில், வேறொரு கணக்கின் அடைவில், குருதிக் கொடையாளர் பட்டியலும் இருந்தது. பெயர், குருதி வகை, முகவரி, தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. பிறர் எவரும் படிக்கவொண்ணாதவாறு அப்பட்டியலுக்குக் காப்பும் இட்டிருந்தேன். அக்காப்பு எல்லார்க்கும் பொருந்தும், வேர் ஒருவரைத் தவிர!

அந்த இணைப்பகத்திற்கு, பிற நிரல்கள் வந்து பேசுதற்கென்று மேலாண்மை வாயில் ஒன்று உண்டு. அதன் துறை எண் 5038. அவ்வாயிலுக்கு, எடுத்துக்காட்டுக் கோப்பில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லையே அப்படியே விட்டுவைத்தேன். உள்வலைக்குள் மட்டும் திறந்திருக்கவேண்டிய அவ்வாயில், உலகம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. ஏழாம் திங்களில் யாரோ ஒருவன் நுழைந்தான். அவன் பூட்டை உடைக்கவில்லை. இணைப்பகத்திடம், ‘ஓர் அழைப்பைத் தொடங்கு; தொடங்கியதும் இக்கட்டளையை இயக்கு’ என்றான். அவ்வாறு இயக்கும் ஏந்து அம்மென்பொருளிலேயே உண்டு. இணைப்பகம் வேராக இருந்தது. ஆகவே அவன் இட்ட கட்டளையும் வேரின் கட்டளையாயிற்று!

அன்றிரவு ஒரு தாய் தம் மகனுக்குக் குருதி வேண்டி மூன்று முறை அழைத்திருக்கின்றார். மணி ஒலிக்கவே இல்லை. குருதி பின்னர்க் கிடைத்தது. ஆனால் வேறு ஒருவர் வழியாக. நான் அமைத்த ஏந்து, வேண்டிய வேளையில் ஊமையாய்க் கிடந்தது.

மறுநாள் இளைஞர்கள் என்னைக் கேட்டனர்: “ஐயா, என்ன களவு போயிற்று?” என்னால் விடைசொல்ல இயலவில்லை. தோழர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். களவு போனது எவ்வளவு என்று சொல்ல முடியாமற் போனதுதான் களவினும் கொடியது. வேருரிமை பெற்றவன் பட்டியலைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். பதிவேடுகளை அழித்திருக்கலாம். கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் கட்டளையையே மாற்றி, தான் வைத்த கோப்பு மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாதவாறு செய்திருக்கலாம். சான்று சொல்லவேண்டிய கணிப்பொறியே அவன் கையிலிருக்கும்போது, அதன் வாய்ச்சொல்லை எங்ஙனம் நம்புவது? கணிப்பொறியை முழுதும் துடைத்துப் புதிதாக நிறுவினோம். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்து, ‘உங்கள் செய்திகள் வெளியே போயிருக்கக்கூடும்’ என்று சொன்னோம். அந்த அழைப்புகளுட் பாதியை நானே செய்தேன். அதுவே எனக்குக் கிடைத்த ஒறுப்பு. பெற்ற பாடமும் அதுவே.

வேர் என்பது என்ன?

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், தென்னிசு இரிட்சி முதலான அறிஞர்கள் யுனிக்சு என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். பெல் ஆய்வகம் அன்று ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம். தொலைபேசி வீட்டிற் பிறந்த பிள்ளைதான் யுனிக்சு. இன்று அதன் வழிவந்த இலினக்சு இயங்குதளத்தின் மேல் தொலைபேசி இணைப்பகமே ஓடுகின்றது. பிள்ளை வளர்ந்து பெற்றோரைச் சுமப்பது போன்றது இது.

யுனிக்சில் ஒவ்வொரு பயனர்க்கும் ஓர் எண் உண்டு. வேரின் எண் 0. ஒரு கோப்பைத் திறக்கவோ எழுதவோ அழிக்கவோ ஒரு நிரல் முனையும்போது, இயங்குதளத்தின் கருவகம் அந்நிரல் எவர் எண்ணில் ஓடுகின்றது என்று பார்க்கின்றது. உரியவர் எனின் விடுகின்றது. அல்லர் எனின் தடுக்கின்றது. எண் 0 எனின், அத்தடையின்றி விடுகின்றது. கருவகம் பார்ப்பது எண்ணை, எண்ணத்தை அன்று. நிரல் நல்லதா தீயதா, அதற்குள் இப்போது பேசுபவன் உரியவனா திருடனா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

1975-ஆம் ஆண்டில் சால்ட்சர், சுரோதர் என்னும் அறிஞர் இருவர், கணிப்பொறியிலுள்ள செய்திகளைக் காப்பது பற்றிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அதில் அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று இது: ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தத்தம் பணியை முடித்தற்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையோடேயே இயங்கவேண்டும். இதனைச் சிற்றுரிமை நெறி என்று நாம் சொல்லலாம். வீட்டில் திருமணம் நடக்கின்றது, சமையற்காரர் வருகின்றார். அடுக்களைத் திறவுகோலை அவரிடம் கொடுக்கின்றோம். நகைப்பேழையின் திறவுகோலையும் சேர்த்துக் கொடுக்கின்றோமா? அவர் தீயவர் என்பதனால் அன்று. நகைப்பேழை இன்றியும் அவர் சமைக்கமுடியும் என்பதனால். சமையற்காரரிடமிருந்து எவனேனும் திறவுகோலைத் திருடினாலும், போவது அரிசியும் பருப்புமே, நகையன்று. நெறி அவ்வளவுதான்.

உடுக்குறியின் பிறப்பு

இனி, நாம் பேசும் மென்பொருளைப் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மார்க்கு சுபென்சர் என்பவர், இலினக்சுப் பயனர்க்கு உதவும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஒரு தொலைபேசி இணைப்பகம் தேவைப்பட்டது. விலையோ அவரால் எட்டவியலாத உயரத்தில் இருந்தது. ஆகவே தாமே ஒன்றை எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஆசுட்டரிசுக்கு. சிறு விண்மீன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. விண்மீன் வடிவிலுள்ள குறியின் பெயர். நம் மொழியில் அக்குறியை உடுக்குறி என்கின்றோம். ஆகவே இவ்வுரையில் அம்மென்பொருளையும் உடுக்குறி என்றே அழைக்கின்றேன். எழுதியதை அவர் பூட்டி வைக்கவில்லை. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் ஏற்ற உரிமத்தில் உலகுக்கு வழங்கினார். கையில் பணமில்லாத ஓர் இளைஞர் குழு ஒரு பழைய கணிப்பொறியை இணைப்பகமாக்கிக்கொள்ள முடிந்தது அவ்வுரிமையால்தான்.

ஆனால் எவர்க்கும் கிட்டும் கருவி எவரையும் பொறுப்பாளராக்குகின்றது. முன்பெல்லாம் இணைப்பகம் நிறுவனத்தாரின் பூட்டிய அறைக்குள் இருந்தது. அதனைக் காக்கும் பொறுப்பும் அவர்களுடையது. இன்று அது நம் மேசைக்கடியில் இருக்கின்றது, பொறுப்பும் நம்முடையதே.

உடுக்குறிக்கு வேர் வேண்டுமா?

‘வேராக இயக்கினால்தான் ஓடும்’ என்று சொல்வோர் உளர். நானும் அவ்விரவில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையா என்று ஒவ்வொன்றாய் ஆய்வோம்.

முதலாவது, துறைகள். வலையமைப்பின் வழி வரும் செய்தி வந்து இறங்கும் எண்ணிட்ட இடத்தைத் துறை என்கின்றோம். கப்பல் வந்தடையும் துறை போல. 1024-க்குக் கீழ்ப்பட்ட துறைகளைத் திறக்க வேருரிமை வேண்டும் என்பது யுனிக்சின் பழைய வழக்கம். உடுக்குறி எந்தத் துறைகளில் நிற்கின்றது? அழைப்பைத் தொடங்கி முடிக்கும் ‘சிப்’ நெறிமுறையின் துறை 5060; மறையாக்கத்தோடு வருவது 5061. உடுக்குறிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் துறை 4569. குரல் செல்லும் துறைகள் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. எல்லாம் 1024-க்கு மேற்பட்டவை. துறைக்காக வேர் தேவையில்லை.

இரண்டாவது, விரைவு. குரல் தயங்கலாகாது, அரை நொடி தயங்கினும் உரையாடல் கெடும். ஆகவே கருவகத்திடம் முன்னுரிமை கேட்டுப் பெறும் வழி உடுக்குறியில் உண்டு. அதற்கு வேருரிமை வேண்டும் என்பது மெய்தான். ஆயின், தொடங்கும் அச்சில நொடிகளில் வேராயிருந்து முன்னுரிமையைப் பெற்றுக்கொண்டு, உடனே தனிப்பயனராக இறங்கிவிடும்படியே உடுக்குறி எழுதப்பட்டிருக்கின்றது. இறங்கியபின் தானே மீண்டும் ஏறமுடியாது. படி ஏறிப் பரணிலுள்ளதை எடுத்துக்கொண்டு, இறங்கியதும் ஏணியை எடுத்துவிடுவது போன்ற ஏற்பாடு இது.

மூன்றாவது, கருவிகள். பழைய செப்புக் கம்பித் தொலைபேசியை இணைக்கும் அட்டை கணிப்பொறியில் இருந்தால், அதற்குரிய கருவிக் கோப்புகளைத் திறக்கும் உரிமை உடுக்குறிக்கு வேண்டும். அக்கோப்புகளின் உடைமையை உடுக்குறிக் கணக்கிற்கு மாற்றிக் கொடுத்தால் போதும். கணிப்பொறி எழும்போதெல்லாம் அம்மாற்றம் தானே நிகழும்படி ஒரு வரியில் நெறி எழுதலாம். ஓர் அட்டைக்காக ஊரையே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, கோப்புகள். என்னை அவ்விரவில் தோற்கடித்தது இதுவே. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலில், உடுக்குறிக்கென்று ஒரு பயனர் கணக்கையும் ஒரு குழுவையும் உருவாக்குங்கள். அக்கணக்கில் எவரும் கடவுச்சொல் கொடுத்து நுழைய இயலாதவாறும், நுழைந்தாலும் கட்டளைத்திரை கிடைக்காதவாறும் செய்யுங்கள். அது மாந்தர்க்குரிய கணக்கன்று, பணிக்குரிய கணக்கு. அணியமாய்க் கிடைக்கும் தொகுப்புகள் சில இதனைத் தாமே செய்துவிடுகின்றன. மூலநிரலினின்று தாமே தொகுத்து நிறுவுவோர் தாமே செய்துகொள்ளவேண்டும். செய்யாவிடின், வேர் தொடங்கிய உடுக்குறி வேராகவே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, உடுக்குறியின் முதன்மை அமைப்புக் கோப்பில் ‘இரன்யூசர்’, ‘இரன்குரூப்’ என இரண்டு வரிகள் உண்டு. இயக்கும் பயனர், இயக்கும் குழு என்பது அவற்றின் பொருள். எடுத்துக்காட்டுக் கோப்பில் அவ்வரிகள் செயலற்றுக் கிடக்கும். அவற்றைச் செயற்படுத்திப் புதிய கணக்கின் பெயரை இடுங்கள்.

அதன்பின், அடைவுகள். உடுக்குறி எழுதும் இடங்கள் நான்கு: தன் தரவுத்தளத்தை வைத்திருக்கும் அடைவு, குரலஞ்சலும் பிறவும் குவியும் அடைவு, பதிவேடுகளின் அடைவு, ஓடிக்கொண்டிருக்கும்போது தன் எண்ணையும் பேச்சுவாயிலையும் வைக்கும் அடைவு. இந்நான்கின் உடைமையை மட்டும் உடுக்குறிக் கணக்கிற்குத் தாருங்கள். அதன் நிரற்கோப்புகளையும் கூறுகளையும் தரவேண்டா. அவற்றைப் படித்து இயக்கினாற் போதும், எழுதவேண்டியதில்லை. தன் நிரலைத் தானே திருத்தும் உரிமை பெற்ற மென்பொருள், உள்ளே புகுந்தவனுக்குத் தன் உடலையே ஒப்படைத்துவிடும்.

அமைப்புக் கோப்புகளின் அடைவு தனிக்கருத்துக்குரியது. அவற்றில்தான் ஒவ்வொரு தொலைபேசியின் கடவுச்சொல்லும் இருக்கின்றது. ஆகவே உடைமை வேருக்கு, குழு உடுக்குறிக்கு, இசைவு எண் 640 என அமையுங்கள். உடையவர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்கலாம், பிறர்க்கு ஒன்றும் இல்லை. இங்கே ஒரு சிக்கல் எழும். தொலைபேசி வழியாகவே தம் குரலஞ்சற் கடவுச்சொல்லை மாற்றும் ஏந்து பயனர்க்கு உண்டு. இயல்பாக உடுக்குறி அப்புதிய சொல்லைக் குரலஞ்சல் அமைப்புக் கோப்பிலேயே எழுத முயலும், எழுதும் உரிமை இராது, மாற்றம் நிலைக்காது. ‘பார்த்தாயா, வேராக விட்டிருக்கலாம்’ என்று உடனே ஒருவர் சொல்வார். வேண்டா. அக்கடவுச்சொற்களைக் குரலஞ்சல் குவியும் அடைவிலேயே வைக்கும்படி அமைப்பதற்கு ஒரு வரி இருக்கின்றது. ‘இசைவு மறுக்கப்பட்டது’ என்னும் ஒவ்வொரு செய்தியும் ஒரு கேள்வி. ‘இந்த இடத்தில் எழுதும் உரிமை இவனுக்குத் தேவையா?’ என்று கணிப்பொறி நம்மைக் கேட்கின்றது. நான் அக்கேள்விக்கு விடைசொல்லாமல் கேட்டவன் வாயை அடைத்தேன்.

வழுக்கும் இடங்கள்

தனிக்கணக்கில் அமைத்தபின்னும் வழுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றைப் பட்டறிவினின்று சொல்கின்றேன்.

ஒன்று. எல்லாம் நன்றாக ஓடும். மின்சாரம் நின்று கணிப்பொறி மீண்டும் எழுந்ததும் உடுக்குறி எழாது. கரணியம் என்ன? ஓடும்போது எண்ணை வைக்கும் அடைவு, இற்றை நாள் இலினக்சில் நினைவகத்தில் இருக்கின்றது. கணிப்பொறி அணைந்தால் அதுவும் மறைகின்றது. மேலடைவு வேருக்குரியது, ஆகவே உடுக்குறிக் கணக்கால் அதனை மீண்டும் உருவாக்கவும் இயலாது. எழும்போதெல்லாம் அவ்வடைவை உரிய உடைமையோடு உருவாக்கும்படி தொடக்கப் பணிக்கோப்பில் எழுதிவையுங்கள். எழுதியபின் ஒருமுறை கணிப்பொறியை அணைத்து எழுப்பிப் பாருங்கள். நீங்கள் விழித்திருக்கும்போது ஒரு தடவை அணைத்துப் பார்ப்பது, நீங்கள் உறங்கும்போது அது தானே அணைந்து பார்ப்பதினும் நன்று.

இரண்டு. சிக்கல் ஒன்றை ஆய்வதற்காக நீங்களே வேராக இருந்து, பயனர் வரிகளைச் செயலற்றதாக்கி, உடுக்குறியை ஒருமுறை கையால் இயக்குவீர்கள். அந்த ஒருமுறையில் பிறக்கும் பதிவேடும் தரவுத்தளக் கோப்பும் வேரின் உடைமையாய்ப் பிறக்கும். பிறகு தனிக்கணக்கில் இயக்கினால் அவற்றில் எழுத முடியாது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. வேரின் கை பட்ட இடமெல்லாம் வேரின் முத்திரை விழும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்று. உடுக்குறியைத் தனிக்கணக்கிற்கு இறக்கிவிட்டு, வலைப்பக்கத்தின் வழியே மேலாளுதற்கு எளிதாகட்டும் என்று, அதே கணக்கிற்குக் கடவுச்சொல்லின்றி வேராக மாறும் உரிமையைக் கொடுப்பாரும் உளர். முன்வாயிலை அடைத்துவிட்டுப் புழைக்கடையைத் திறந்துவைப்பது இது. கொடுத்தேயாகவேண்டும் எனின், எந்த ஒரு கட்டளைக்கு வேண்டுமோ அந்த ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள்.

நான்கு. இதுவே நுண்ணியது. வேராக ஓடும் எந்த நிரலும், உடுக்குறிக் கணக்கு எழுதத்தக்க எந்தக் கோப்பையும் எடுத்து இயக்கலாகாது. உடுக்குறி விழுந்தால் மீண்டும் எழுப்புதற்கென்று காவல் நிரல் ஒன்று அதனோடு வருகின்றது. அது வேராகவே ஓடுவது வழக்கம். அமைப்பு அடைவிற்குள் தொடக்க நிரல்களுக்கென ஓர் உள்ளடைவு இருந்தால், அதிலுள்ளவற்றை எல்லாம் அது எடுத்து இயக்கும். அவ்வடைவில் எழுதும் உரிமை உடுக்குறிக் கணக்கிற்கு இருந்தால் என்ன ஆகும்? உள்ளே புகுந்தவன் ஒரு கோப்பை அங்கே வைத்துவிட்டுக் காத்திருப்பான். அடுத்த தொடக்கத்தில் வேரே வந்து அதனை இயக்கும். 2025-ஆம் ஆண்டில் இது பாதுகாப்புக் குறைபாடாகவே அறிவிக்கப்பெற்றுத் திருத்தப்பெற்றது. வேலியே பயிரை மேய்ந்த செய்தி இதுதான். அமைப்பு அடைவின் உடைமை வேரிடம் இருக்கட்டும் என்று முன்னர்ச் சொன்னதற்கு இதுவும் ஒரு கரணியம்.

சிற்றுரிமை காவாதவை

ஒரு மருந்தைப் புகழ்வோன் அது தீர்க்காத நோயையும் சொல்லவேண்டும். இல்லையேல் அவன் மருத்துவன் அல்லன், விற்பவன்.

தனிக்கணக்கில் ஓடும் உடுக்குறியிலும் திருடன் புகமுடியும். புகுந்தால் அக்கணக்கிற்குரியவை யாவும் அவன் கைக்கு வரும். குரலஞ்சல்களைக் கேட்பான். தொலைபேசிகளின் கடவுச்சொற்களைப் படிப்பான். அழைப்புகளையும் செய்வான், ஏனெனில் அழைப்புச் செய்வதுதான் உடுக்குறியின் பணி, அவ்வுரிமையை அதனிடமிருந்து எடுக்கவே முடியாது. தொலைபேசிக் களவில் ஈடுபடுவோர் பெரும்பாலோர்க்கு வேரே தேவையில்லை. எளிய கடவுச்சொல் ஒன்றைக் கணித்துப் பிடித்து, மிகுவிலை எண்களுக்கு இரவெல்லாம் அழைப்புகளை ஓட்டிவிட்டுப் போய்விடுவர். விலைச்சீட்டு மட்டும் திங்கள் முடிவில் நமக்கு வரும். இதற்குக் காப்பு வேறு. நீண்ட கடவுச்சொற்கள் வேண்டும். பெயரறியா விருந்தினர் அழைப்பை மறுத்தல் வேண்டும். வெளிநாட்டு அழைப்புகளைத் தேவையானவர்க்கு மட்டும் திறத்தல் வேண்டும். பலமுறை தவறாக முயலும் முகவரியைத் தடுத்தல் வேண்டும். மேலாண்மை வாயிலை உள்வலைக்குள் அடக்குதல் வேண்டும்.

அழைப்பவரின் பெயராக வருவதும் வெளியார் எழுதி அனுப்புவதே. அதனை ஆராயாமல் இயங்குதளக் கட்டளைக்குள் அப்படியே சேர்த்து இயக்கினால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டளையை எழுதி அனுப்புவான். எழுத்துகளை வடிகட்டி ஏற்கும் சார்பு உடுக்குறியிலேயே உண்டு. 2010-ஆம் ஆண்டிலேயே அதனைப் பயன்படுத்துமாறு அதன் ஆக்குநர்கள் எச்சரித்தனர். வடிகட்ட மறந்துவிட்டோம் எனக் கொள்வோம். அப்போதுதான் சிற்றுரிமை நமக்குக் கைகொடுக்கும். அவன் கட்டளை ஓடும். ஆனால் வேரின் கட்டளையாய் ஓடாது.

இனி, என் பிழைக்கே திரும்புவோம். அன்று உடுக்குறி தனிக்கணக்கில் ஓடியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அவன் புகுந்தேயிருப்பான், என் கடவுச்சொல் அத்தகையது. குரலஞ்சல்களைக் கேட்டிருப்பான். அழைப்புகளையும் குலைத்திருக்கக்கூடும். அந்தத் தாய்க்கு அன்றும் மணி ஒலிக்காமற் போயிருக்கலாம்; இதனை நான் மறைக்கவில்லை. ஆனால் கொடையாளர் பட்டியல் வேறொரு கணக்கின் அடைவில் இருந்தது. தனிக்கணக்கின் கை அதற்கு எட்டியிராது. இயங்குதளத்தின் பதிவேடுகளை அவன் அழித்திருக்கவும் இயலாது. உடுக்குறியின் பதிவேட்டை அழித்திருந்தாலும், எப்போது வந்தான், என்ன இயக்கினான் என்பதை ஓரளவேனும் பிறவற்றால் அறிந்திருப்போம். “என்ன களவு போயிற்று?” என்று கேட்ட இளைஞர்க்கு, “இது போயிற்று, இது போகவில்லை” என்று விடை சொல்லியிருப்பேன். வேருக்கு மேலும் ஏறும் வழி அவனுக்கு வேறெதுவும் கிடைக்காதிருந்தால், துடைத்து நிறுவுவதும் ஒருநாட் பணியாய் முடிந்திருக்கும்.

சிற்றுரிமையின் பயன் அதுதான். அது களவை முற்றும் தடுப்பதன்று. களவுக்கு எல்லை கட்டுவது. எல்லை தெரிந்த இழப்பை மாந்தன் தாங்குவான். எல்லை தெரியாத இழப்பு, களவு போகாதவற்றின் மேலுள்ள நம்பிக்கையையும் சேர்த்துக் களவாடிவிடும்.

முடிவாக

இளந்தோழர்களே! நீங்கள் அமைக்கப் போகும் கணிப்பொறிகளில் பிறருடைய குரலும் பெயரும் முகவரியும் இருக்கும். அவர்கள் உங்களைக் காணமாட்டார்கள். உடுக்குறி என்னும் சொல்லையே கேட்டிருக்கமாட்டார்கள். எண்ணை அழுத்தினால் மறுமுனையில் ஓர் ஆள் பேசுவார் என்னும் ஒரே நம்பிக்கையில் அழைப்பார்கள். அந்நம்பிக்கையைக் காப்பதற்கு நீங்கள் செய்யவேண்டுவது மலையைப் பெயர்ப்பதன்று. ஒரு கணக்கு, ஒரு குழு, இரண்டு வரி, நான்கு அடைவு. ஒரு மணிநேரப் பணி. வெள்ளம் வருமுன் அணை கோலுவதற்கு ஒரு மணிநேரம் போதும்; வந்தபின் கோலுவதற்கு ஓர் ஆண்டும் போதாது.

இன்று வீடு சென்றதும் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றன் எதிரிலும் எவர் பெயர் இருக்கின்றது என்று பாருங்கள். வெளியார் வந்து பேசும் எந்த நிரலின் எதிரில் வேரின் பெயர் இருந்தாலும், ‘இவனுக்கு இது எதற்கு?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் விடுங்கள். கிடைக்கவில்லையெனின் அன்றே இறக்குங்கள். இரவு மணி இரண்டு ஆகியிருந்தாலும் சரி, நாளைக்கென்று விட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள்.

குருதிப் பணி செய்த அவ்விளைஞர்கள் என்னை வெறுக்கவில்லை. புதிய கணிப்பொறியையும் என்னிடமே ஒப்படைத்தனர். அதில் உடுக்குறி இன்றும் தன் கணக்கில், தன் எல்லைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றது. மணி ஒலிக்கின்றது, எடுக்கின்றார்கள்.